வேலுத்தாய் கயிறு

ஒரே ஒரு ஊரிலே பத்தொன்பது தெரு இருந்ததாம். அந்தப் பத்தொன்பது தெருக் குப்பைக்கும் ஒரே ஒரு பொம்பளை இருந்தாளாம். இப்படித்தான் சார் இந்தக் கதையை ஆரம்பிக்க வேண்டும். ராஜா, மந்திரி எல்லாம் இதில் வர மாட்டார்கள். முனிசிபாலிட்டி அதிகாரி ஒருவர் ஒரே ஒரு தடவை வருவார், அதுவும் ஜீப்பை விட்டு இறங்காமல்.

உட்காருங்கள். பெஞ்சு சங்கம் போட்டதுதான். உங்கள் பஸ் ஆறே முக்காலுக்கு, அதுவும் வந்தால். டீயை நிதானமாகக் குடியுங்கள். கப்பை மட்டும் கீழே போட்டுவிடாதீர்கள்.

வாடகைக்கு வீடு பார்க்க வந்தேன், வீட்டுக்கு வீடு கேட்டில் சிவப்புத் துணிக்கயிறு கட்டியிருக்கிறதே, ஏதாவது கோயில் வேண்டுதலா என்று டீக்கடையில் கேட்டீர்கள். அவன் இன்ஸ்பெக்டரைக் கேளுங்கள் என்று உங்களை என்னிடம் தள்ளிவிட்டான். நான் போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை சார். டெலிபோனில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பரமசிவம் என்று பெயர், ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. முல்லை நகர் குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினாறு வருஷமாக நான்தான் செயலாளர். வேறு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். முட்டி வலி, சர்க்கரை, இதோடு இந்தப் பதவியும்.

கயிறு கோயிலுடையது இல்லை. இதோ எதிரே கறுப்புக் கல்லில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளே, இவளுடையது. வேலுத்தாய்.

பச்சைக் கூடை, நீலக் கூடை என்று முனிசிபாலிட்டி பேச ஆரம்பித்தது இப்போதுதானே. வேலுத்தாய் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். பேசி இல்லை. அவள் அதிகம் பேச மாட்டாள். தள்ளுவண்டியை வீட்டுக் கேட்டுக்கு முன்னால் நிறுத்துவாள், பையைத் திறந்து பார்ப்பாள். சோறு, காய்த்தோல் ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம், பால் கவர் கழுவி ஒரு பக்கம் என்று இருந்தால் வாங்கிக்கொள்வாள். கலந்திருந்தால் பை வாயை முடிந்து உங்கள் கேட்டிலேயே மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். சண்டை கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. மாட்டின பை மாட்டினபடி இருக்கும். நீங்கள்தான் எடுத்துப் பிரிக்க வேண்டும்.

இதோ இந்தத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேதான் அவள் இடம். ஒரு குழி வெட்டி எச்சில், தோல், இலை எல்லாவற்றையும் மக்க வைப்பாள். மல்லிகைத் தோட்டக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். கழுவின பால் கவர்களைக் கொடியில் வரிசையாகக் காயப்போட்டிருப்பாள், துணி காயப்போட்ட மாதிரி. மற்றது ஆக்கர் கடைக்குப் போகும், பழைய சாமான் எடுக்கிற கடை இருக்கிறதே, அது. ஊரில் அப்போது எல்லாக் கண்மாய்க் கரையிலும் குப்பை எரியும். எங்கள் பத்தொன்பது தெருவில் எரியாது. இதையெல்லாம் கல்லில் எழுத இடம் போதவில்லை.

கயிறுதானே கேட்டீர்கள். வருகிறேன்.

ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒருநாள்கூடக் கலக்காமல் ஒரு வீடு கொடுத்துவிட்டால் அவள் இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுப்பாள். கிழிந்த சிவப்புச் சேலையில் விரல் அகலத்துக்குக் கிழித்தது. அதை வீட்டுக் கேட் கம்பியில் கட்டுவாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் கிடையாது. நாற்பத்தேழாம் நாள் ஒரு வெங்காயச் சருகு காகிதத்தோடு போய்விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து. மாலை போட்டவன் விரதம் மாதிரி. யார் வீட்டுக்கு இன்று எத்தனையாவது நாள் என்று அவளுக்கு மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாது, பத்தொன்பது தெரு மனப்பாடம்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒரு வீட்டில் கட்டினாள், இரண்டு வீட்டில் கட்டினாள். கட்டாத வீட்டுக்காரி கட்டின வீட்டுக்காரியைக் கோலம் போடும்போது பார்ப்பாள். பிறகு என்ன? ஜவுளிக்கடை ரத்தினசபாபதி, எங்கள் சங்கத் தலைவர், அவர் வீட்டில் பட்டுச் சரிகையில் கயிறு செய்து தாங்களே கட்டிக்கொண்டார்கள். வேலுத்தாய் அதை அவிழ்த்து, மடித்து, அவர் வீட்டுத் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனாள். கடைசியில் பெண் பார்க்க வருகிறவர்கள்கூடக் கேட்டில் கயிறு இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அங்கேதான் சார் என் பிரச்சினை.

எங்கள் தெருவில் கயிறு இல்லாத வீடு ஒன்றே ஒன்று. என் வீடு. நான் கொள்கை உள்ளவன். வீட்டு வரி கட்டுகிறேன், தண்ணீர் வரி கட்டுகிறேன், என் குப்பையை நான் பிரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அப்படித்தான் சொல்வேன். என் மனைவி லோகநாயகி ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் எனக்குத் தெரியாமல் மண்டலம் தொடங்கியிருக்கிறாள். பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம், கேட்டில் கயிறு இருந்தால் நல்லது என்று நினைத்திருக்கிறாள். முப்பத்தொன்பது நாள் போயிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? சொன்னால்தானே தெரியும்.

நாற்பதாம் நாள் காலையில் நான் சவரம் செய்துகொண்டேன். பிளேடைப் பக்கத்தில் இருந்த வாளியில் போட்டேன். தினமும் போடுவதுதான். வாளி மாறியிருக்கிறது, அது சோற்று வாளியாம். அன்றைக்கு வேலுத்தாய் கையை விட்டு அள்ளியிருக்கிறாள். உள்ளங்கை கிழிந்துவிட்டது.

அது என் பிளேடுதான் என்று எப்படிச் சொல்ல முடியும் சார்? தெருவில் எல்லா ஆம்பிளையும்தான் சவரம் செய்கிறான். சரி, வாளி எங்கள் வாளி. இருக்கட்டும். சத்தம் போட்டாளா? இல்லை. பிளேடைக் கழுவி, காகிதத்தில் சுற்றி, எங்கள் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தாள். வாளியில் இருந்ததை ஒரு பையில் கொட்டி, முடிந்து, கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேட்டைத் திறந்ததும் ஈ. பை. மாப்பிள்ளையின் தாய்மாமன் பை மேலே படாமல் குனிந்து நுழைந்தார். உள்ளே வந்து கேசரி சாப்பிட்டார்கள், நல்லபடியாகத்தான் பேசினார்கள். கிளம்பும்போது அந்த மாமன் கேட்டார்: "எல்லா வீட்டுலயும் சிவப்பா என்னமோ கட்டியிருக்கே, உங்க வீட்டுல மட்டும் ஏன் இல்ல?"  அந்த வரன் அமையவில்லை. பெண்ணுக்குப் பிறகு ஓசூரில் அமைந்தது, நன்றாக இருக்கிறாள், பேரன் ஐந்தாவது படிக்கிறான். அது வேறு விஷயம். அன்றைக்கு என் நிலைமை அது.

ஆத்திரத்தில் நான் எதையும் செய்கிறவன் இல்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன், முறைப்படி செய்கிறவன். மச்சினன் குவைத்திலிருந்து கொண்டுவந்த கேமராவை எடுத்துக்கொண்டு மறுநாள் இங்கே வந்தேன். குழியைப் படம் எடுத்தேன், அது இணைப்பு ஒன்று. வேலுத்தாய் குழி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள், அவளையும் எடுத்தேன், அது இணைப்பு இரண்டு. கேமராவைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஏதோ சொன்னாள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, காதில் விழவில்லை. பக்கத்தில் அவள் மகள் ஜெயக்கொடி நின்றாள். அப்போதே இருபது வயதிருக்கும்.

பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்று மனு எழுதி, இரண்டு படத்தையும் இணைத்து, முனிசிபாலிட்டிக்கு அனுப்பினேன். ஒரு நகல் என் கோப்பில். நான் எதற்கும் நகல் வைத்துக்கொள்கிறவன். அதனால்தான் இன்றைக்கு... சரி, அதற்கு வருகிறேன்.

அதிகாரி ஜீப்பில் வந்தார், கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், போய்விட்டார். நாலாம் நாள் மண் லாரி வந்து குழியை மூடியது. வேலுத்தாயை வாய்க்கால் பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். நான் இடத்தை மாற்றச் சொல்லவில்லை சார். நடவடிக்கை எடுக்கத்தான் சொன்னேன். மனுவில் அப்படித்தான் இருக்கிறது, வேண்டுமானால் நகலைக் காட்டுகிறேன்.

அவள் வருவதை நிறுத்தவில்லை. தினமும் காலையில் அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவாள், நிறைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போவாள். என் வீட்டில் மட்டும் நிற்க மாட்டாள். நானும் கண்டுகொள்ளவில்லை. குப்பை எப்படியோ வீட்டை விட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தது. முனிசிபாலிட்டி ஆள் எடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லோகநாயகி அதைப் பிரித்து எதிர்வீட்டு வாளியில் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். பதினோரு வருஷம். எதிர்வீட்டில் தொங்குகிற கயிற்றில் பாதி எங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எழுந்துவிட்டீர்களா? ஓ, கப்பா. அந்த ஓரத்துச் சாக்கில் போட்டுவிட்டீர்களா? நல்லது சார், கீழே போடாமல் இருந்தீர்களே, அது போதும். நிறையப் பேருக்கு அந்த எண்ணம்கூட இல்லை. உட்காருங்கள், கதை விட்டுப்போகும்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் நல்ல மழை. ஒருநாள் வேலுத்தாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தெருத்தெருவாக எல்லாரும் கேட்டில் நின்று திட்டிக்கொண்டிருந்தோம், பொறுப்பில்லாத பொம்பளை, மழை என்றால் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று. நாலாம் நாள் ஜெயக்கொடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலைக்கு எண்ணெய் இல்லை. அம்மா எங்கே என்று யாரோ கேட்டதற்கு, "முந்தாநாள் அடக்கம் பண்ணியாச்சு"ன்னு சொல்லிவிட்டுப் பையை வாங்கிப் பிரித்தாளாம். கலந்திருந்ததாம். கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டாளாம்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சங்கக் கூட்டத்தில் ஒரு நினைவுச்சின்னம் வைக்க வேண்டும் என்று தீர்மானம். ரத்தினசபாபதி வளைவு கட்டலாம், ஒரு பக்கத் தூணில் தன் தகப்பனார் பெயரையும் போடலாம் என்றார். பேசிப் பேசி வளைவு கல்லாக இறங்கியது. தொட்டிக்குக் கீழே, அவள் இருந்த இடத்திலேயே, அவள் உருவம் கொத்தி ஒரு கல். எல்லாருக்கும் சம்மதம்.

உருவத்துக்குப் படம் வேண்டுமே. அங்கே நின்றது.

நம்ப மாட்டீர்கள். இருபத்தெட்டு வருஷம் பத்தொன்பது தெருவுக்கும் தினமும் வந்தவள், ஒரு வீட்டில் அவள் படம் இல்லை. கல்யாண ஆல்பம், காதுகுத்து ஆல்பம், கிரகப்பிரவேச வீடியோ எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் தெருவில் ஒரு படத்தில் ஒரு முழங்கை இருந்தது, அவளுடையதாக இருக்கலாம் என்றார்கள். இன்னொன்றில் வண்டிச் சக்கரம். எல்லார் கையிலும் போன், அவரவர் நாய்க்குட்டியை நூறு படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒருத்தி மூக்குத்தி இரண்டு பக்கமும் என்றாள், ஒருத்தி மூக்குத்தியே கிடையாது என்றாள். ஜெயக்கொடியிடம் அவள் அம்மாவின் ஆதார் அட்டை இருந்தது. அதில் இருப்பது யார் என்று அட்டை கொடுத்தவர்களுக்கே தெரியாது. கல் கொத்துகிறவர் மிக்கேல், கல்லறைக் கல்லில் படம் கொத்துகிறவர், அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இதைப் பார்த்துப் பூசணிக்காய்தான் கொத்த முடியும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குக் கோப்பு ஞாபகம் வந்தது.

இணைப்பு இரண்டு. நகலோடு ஒட்டியிருந்ததை இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பக்குவமாக உரித்தேன். தெளிவான படம் சார். மூக்குத்தி இடது பக்கம் ஒன்று. லோகநாயகி அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படமா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள்.  ஊரில் வேறு படம் இல்லையே. நான் அன்றைக்கு எடுத்திருக்காவிட்டால் இந்தக் கல்லே கிடையாது. நீங்களே யோசித்துப் பாருங்கள். சங்கத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். எப்போது எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மிக்கேல்தான் ஒன்று கேட்டார். கையில் ஏதோ துணி சுற்றியிருக்கிறதே, கொத்தட்டுமா, விட்டுவிடட்டுமா என்று. நான் படத்தை வாங்கி இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு, படத்தில் உள்ளபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆவணத்தில் இருப்பதை மாற்றக் கூடாது என்பது எனக்குப் பழக்கம். இதோ பாருங்கள், தூக்கின கையில் உள்ளங்கையைச் சுற்றி. பாதிப் பேர் அதைக் காப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், திருவிழாவுக்குக் கட்டுவோமே, அந்தக் காப்பு. வெள்ளிக்கிழமை மஞ்சள் தடவுகிறார்கள். கை தூக்கியிருப்பதைப் பார்த்து ஆசீர்வாதம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கீழே எழுத்தைப் படிக்க முடிகிறதா? அவள் பெயரைவிட ரத்தினசபாபதி பெயர் பெரிது. கடைசி வரி என்னுடையது. பீடம் பூசும்போது சிமெண்டு மேலே ஏறிவிட்டது, பாதி எழுத்து உள்ளே போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

திறப்பு விழாவுக்குப் பந்தல், மைக், எல்லாம். துணியை விலக்க ஜெயக்கொடிதான் வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மூன்று தடவை வாய்க்கால் கரைக்கு நடந்தேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. முதல் இரண்டு தடவையும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் தடவை லோகநாயகி கூட வந்தாள். அவர்கள் இரண்டு பேரும் உள்ளே போய் என்ன பேசினார்களோ தெரியாது. வருகிறேன் என்றாள்.

வந்தாள். துணியை விலக்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு கிட்டே போய் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். நான் சால்வையோடு பக்கத்தில் நின்றேன். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நல்லாக் கொத்தியிருக்காங்க சார். கட்டுகூட அப்படியே இருக்கு. படம் எடுக்க வேணாம் சார், கையில ரத்தமா இருக்குன்னுதான் எங்கம்மா அன்னைக்குக் கையத் தூக்குச்சு."

மைக்கில் ரத்தினசபாபதி பேசிக்கொண்டிருந்தார். நான் சால்வையைப் போர்த்தப் போனேன். அது புழுங்கும் சார் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள்.

விழா முடிந்து எல்லாரும் கேசரி, வடை சாப்பிட்டார்கள். முந்நூறு பேர். சாப்பிட்ட தட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் கல்லைச் சுற்றி அப்படியே கிடந்தன. பந்தல்காரன் நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். ஜெயக்கொடி ஒரு பக்கம் தட்டில் இருந்த மிச்சத்தை வழித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் யார் என்று பார்க்கிறேன், என் பெண்டாட்டி. பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாட்டில் மூடியைத் தனியாகத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்குக் கையில் சால்வை. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் சார் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?

மறுநாள் காலையில் கல்லுக்குக் கீழே ஒரு குப்பைப் பை. அதற்கு மறுநாள் ஏழு. கயிறு கட்டின வீட்டுக்காரர்கள்தான். வீட்டில் கலந்து கொடுத்தால் ஜெயக்கொடி கயிற்றை அவிழ்த்துவிடுவாளே, அதனால் பிரிக்கச் சோம்பல்படுகிற அன்றைக்கு இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். கல்லில் இவளும் கையைத் தூக்கி, இங்கே வை என்கிற மாதிரித்தானே நிற்கிறாள். ஜெயக்கொடியிடம் எடுக்கச் சொன்னோம். அவள் எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். "இது இப்ப எங்கம்மா இடம் இல்ல. சங்கத்து இடம். சங்கம் அள்ளட்டும்" என்றாள். நியாயம்தானே. சங்கம் கூடியது. சங்கம் என்றால் யார்? செயலாளர்.

காவலுக்குத்தான் வந்தேன். சாயங்காலம் நாலு மணியிலிருந்து இந்தப் பெஞ்சு. யாராவது பையோடு வந்தால் சத்தம் போடுவேன். என்னைப் பார்த்தால் திரும்பிப் போவார்கள், நான் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து வைத்துவிடுவார்கள். நாறியது. நாற்றம் தாங்காமல் நானே இரண்டு சாக்கும் ஒரு வாளியும் கொண்டுவந்து வைத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். அவள் செய்த வேலையை நான் செய்வதாக நினைத்துவிடாதீர்கள் சார். அது வேறு, இது வேறு. நான் நினைவுச்சின்னத்தைப் பராமரிக்கிறேன்.

பிரித்து வைத்தால் ஜெயக்கொடி எடுத்துக்கொண்டு போவாள். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வருவாள். ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன், இந்த இடத்துக்குக் கயிறு உண்டா என்று. சும்மாதான் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாருக்கும் ஒரே மண்டலம்தான்"னு சொன்னாள். கயிறு எங்கே கட்டுவாய், கல்லிலா என்றேன். "கல்லுக்கு எதுக்கு? யாரு பிரிக்கிறாங்களோ அவங்க வீட்டுலதான்" என்றாள்.

எனக்குக் கயிறு எதற்கு சார்? பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இனி எந்த மாமன் வந்து கேட்கப் போகிறான்? லோகநாயகிக்காகத்தான்.  தினமும் ராத்திரி அவள் சோறு போடும்போது, இன்றைக்கு எத்தனை என்று கேட்பாள். இத்தனை வருஷத்தில் அவளாக என்னிடம் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். முதல் தடவை ஒன்பதாம் நாள் போயிற்று, மாத்திரை அட்டையில். இரண்டாம் தடவை முப்பத்து மூன்றில், ஒரு தேங்காய் நார். மூன்றாம் தடவை இது. இன்று மதியம் கிளம்பும்போது கேட்டில் கயிறு கட்டுகிற இடத்தில் அவள் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

இன்று நாற்பத்தெட்டு.

வந்ததிலிருந்து மூன்று தடவை எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தாயிற்று. வெள்ளைச் சாக்கு முழுக்கக் காகிதம், நீலச் சாக்கு முழுக்கக் கவர், வாளியில் தோலும் பூவும். ஒரு தப்பு கிடையாது.

அதோ. வண்டிச் சத்தம் கேட்கிறதா? அவள்தான். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம் சார், சும்மா உட்கார்ந்திருங்கள். இடுப்பைப் பாருங்கள். இடது பக்கம், செருகியிருக்கிறாள் பாருங்கள், சிவப்பாக. எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

வாம்மா. எல்லாம் தயாரா இருக்கு. பாரு, பாரு, நிதானமாப் பாரு.

முதலில் வாளியைப் பார்ப்பாள். எப்போதும் கையை விட மாட்டாள், ஒரு கம்பி வைத்திருக்கிறாள். கிளறிப் பார்ப்பாள். சரி. வாளி சரி. நீலச் சாக்கு. கவர்களை உதறிப் பார்க்கிறாள், ஈரம் இருக்கிறதா என்று. சரி. இனி காகிதம்தான். காகிதத்தில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

என்னம்மா?

சார். உங்கள் கப்பை எந்தச் சாக்கில் போட்டீர்கள்?

இல்லை, பரவாயில்லை. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். வெள்ளைச் சாக்கா. பேப்பர் கப்புதானே என்று போட்டிருப்பீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் போடுவார்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கும் சார், அது காகிதத்தோடு சேராது. அடியில் கொஞ்சம் டீ வேறு இருந்திருக்கிறது. மேலே இருந்த நோட்டுத்தாள் எல்லாம் நனைந்துவிட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்திருக்க வேண்டும். கதையில் இருந்துவிட்டேன்.

என்னுதுதாம்மா. நான்தான் போட்டேன்.

நீங்கள் சும்மா இருங்கள் சார், அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

கேட்டீர்களா, என்ன சொல்கிறாள் என்று? "நீங்கதான் டீயே குடிக்க மாட்டீங்களே சார்" என்கிறாள். எனக்குச் சர்க்கரை என்று இவளுக்கு எப்படித் தெரியும்? லோகநாயகி சொல்லியிருப்பாள்.

நான்தாம்மா. இன்னைக்கு ஒருநாள் குடிச்சேன். சாக்கு என் பொறுப்புல இருந்தது. நீ மாட்டிட்டுப் போ.

சாக்கு வாயை முடிகிறாள் பாருங்கள். முடிச்சைப் பாருங்கள், அவள் அம்மா முடிச்சேதான், இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. கல்லில் மாட்டுவாள் என்று நினைத்தேன். இல்லை, என் கையில் கொடுக்கிறாள். கேட்டில் மாட்டுவார்கள், இதைக் கையில் கொடுக்கிறாள்.

சரிம்மா. நாளைக்கு ஒண்ணு. தெரியும். ஒண்ணுலேருந்து.

திரும்பிப் பார்க்க மாட்டாள் சார். அவள் அம்மாவும் பார்க்க மாட்டாள். கயிறு இடுப்பிலேயே இருக்கிறது, பார்த்தீர்கள்தானே? எடுத்து உள்ளே வைக்கவில்லை. வாளியையும் நீலச் சாக்கையும் எடுத்துக்கொண்டுதான் போகிறாள். இது ஒன்றுதான் திரும்பியது.

உங்கள் பஸ் வந்துவிட்டது. நீங்கள் ஏன் சார் மன்னிப்புக் கேட்கிறீர்கள்? ஒரு கப்பு. விடுங்கள். எனக்கு வீட்டில் போய் நாற்பத்தெட்டு என்று சொல்ல வேண்டியதில்லை, ஒன்று என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் பார்க்க வந்த அந்த வீடு நல்ல வீடுதான், தண்ணீர்க் கஷ்டம் கிடையாது. வந்தால் கேட்டில் ஏற்கனவே ஒரு கயிறு இருக்கும், அது பழைய குடித்தனக்காரருடையது. அவளே அவிழ்த்துவிடுவாள். பயப்படாதீர்கள்.

ஓடுங்கள், இந்த டிரைவர் நிற்க மாட்டான். முன்வாசலில் ஏறுங்கள்.

சார், சார், டிக்கெட்டை... இறங்கும்போது டிக்கெட்டை...